அழைக்கும் விளக்கும் தடுக்கும் விளக்கும்

குற்றாலத்தில் சாரல் காலத்து இரவுகளில் பேரருவியின் மீது மின்விளக்குகளின் ஒளி விழும். ஈரத்தில் நடுங்கியபடி அந்த வெண்மையை அண்ணாந்து பார்த்து நிற்பதைவிடப் பெரிய சுகம் எதையும் நான் அறிந்ததில்லை. ஆனால் அவ்வொளி காட்டுவது விழுகின்ற நீரைத்தான்; வரப்போகும் நீரை அல்ல.

சிற்றாறு மலைமேல் தேனருவி, செண்பகாதேவி அருவிகளைக் கடந்து வருகிறது. அங்கே பெய்யும் மழையைக் கீழே குளிப்பவர் காண முடியாது. பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிவதால்தான் மற்ற நாட்களில் நம் தலைகள் அதைத் தாங்குகின்றன. பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டினால் குளிக்கத் தடை விதிப்பார்கள்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது பகல் வெளிச்சத்தில். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சூரியனைவிடப் பெரிய விளக்கு ஏது?

குளிர்நாடுகளில் ஏரி உறையும்போது, படகுத்துறையின் தூண்களைப் பனிக்கட்டி நெரிக்காதிருக்க, நீருக்கடியில் காற்றுக்குமிழிகளை விட்டுச் சிறு பரப்பை உறையாமல் காப்பார்கள். இருளில் எவரும் அதில் விழாதிருக்க ஓரத்தில் எச்சரிக்கை விளக்கு வைப்பதுண்டு. அது 'வராதே' என்னும் விளக்கு. அருவியின் விளக்கோ 'வா' என்கிறது.

அழைக்கும் விளக்கும் இருக்கட்டும். தடுப்பது விளக்கோ சங்கோ, எதுவாயினும் அதன் கண் மலைமேல் இருக்க வேண்டும்.