சக்கையும் தெளிநீரும்

கள ஆய்வுக்காக, அறுவடை நடந்துகொண்டிருந்த பிப்ரவரியில், நாசிக் அருகே ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறு ஒயின் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பாலாடைக்கட்டியும் செய்கிறார்கள்.

அங்கே குளிர்காலத்திலும் கொடி முழுமையாக உறங்குவதில்லை. ஆகவே ஏப்ரலில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை கவாத்து. பழம் எடுப்பதோ ஒருமுறைதான். பிழிந்த திராட்சைச் சக்கை எருக்குழிக்குப் போகிறது.

பத்து லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ கட்டிதான் தேறும், எஞ்சுவது தெளிநீர். ஓடையில் விட்டால் அது நீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். இங்கே அதை மாடுகள் குடிக்கின்றன. எதுவும் வீணாகாத இந்தச் சுழற்சியைக் கண்டு, ‘முன்மாதிரி’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

விடைபெறும்போது வீட்டுக் காகூ கேட்டார்: “மே மாதம் கிணறு வற்றும். டேங்கரில் தண்ணீர் வாங்குகிறோம். அதை எழுதினாயா, மகனே?”

எழுதவில்லை. நான் கேட்கவே இல்லை. சக்கையைப் பின்தொடர்ந்த நான், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. அன்றிரவு ‘முன்மாதிரி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘முயற்சி’ என்று எழுதினேன். அவர்கள்மீதான மதிப்பு அதனால் குறையவில்லை, கூடியது.