ஏறாத தமிழ்



பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள். பெங்களூரு, ஓசூர், சென்னை என்று கணினி வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

"லோடு" என்றால் நாமக்கல்காரர்களுக்கு லாரிதான் நினைவுக்கு வரும். கணினிக்காரர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு செயலி திறக்கும்போது, அதற்கு வேண்டிய கோப்புகளை எடுத்து நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதை லோடு ஆவது என்கிறார்கள். தமிழ் வாசகங்கள் உள்ள கோப்பும் அப்படி ஏற வேண்டிய ஒரு லோடுதான். அது ஏறாமல் போனால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் பழைய மாணவன் ஒருவன் லாரி ஆபீஸ்களுக்காக ஒரு செயலி செய்தான். லோடு விவரம், அட்வான்ஸ், டீசல், டோல், பேட்டா எல்லாவற்றையும் டிரைவர் போனிலேயே எழுதி அனுப்பிவிடலாம். "ஐயா, டிரைவருங்க பார்க்கற வாசகமெல்லாம் தமிழ்ல வேணுங்க, நீங்கதான் எழுதித் தரணும்" என்றான். நானூறுக்கு மேல் வாசகங்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அகராதித் தமிழில் எழுதவில்லை. லாரி ஆபீஸில் பேசுகிற தமிழில் எழுதினேன்.

சில மாதம் கழித்து அவனே போன் செய்தான். "ஐயா, தமிழை யாரும் பயன்படுத்தறதே இல்லீங்க. அடுத்த பதிப்புல எடுத்துரலாம்னு ஓனர்கள் சொல்றாங்க."

அதே வாரம் இன்னொரு மாணவனைச் சந்தையில் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறான். அந்தச் செயலியைத்தான் அவன் ஆபீஸிலும் வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் ட்ரிப் கணக்கை எழுதிக்கொண்டே வந்திருக்கிறான். நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது. வழக்கம்போல் 'எஸ்' என்று இருந்ததை அழுத்தியிருக்கிறான். எழுதியதெல்லாம் போய்விட்டது. டோல் செலவு ஃபாஸ்டாகில் இருந்தது. டீசலுக்கு பில் இருந்தது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், தார்ப்பாய்க் கயிறு இவற்றுக்குத் துண்டுச்சீட்டுகூட இல்லை. 3,400 ரூபாய் அவன் கையை விட்டுப் போனது.

அது கேட்ட கேள்வி எனக்குத் தெரியும். 'டிஸ்கார்ட் டிராஃப்ட்?' என்பது ஆங்கிலம். அதற்கு நான் எழுதிக் கொடுத்தது, 'எழுதியதையெல்லாம் அழித்துவிடவா?' பொத்தான்களுக்கு, 'அழி', 'வைத்துக்கொள்'.

"ஏன் கண்ணு, தமிழ்ல வெச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"வெச்சேனுங்க ஐயா. மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்தேன். நம்ம போனு பழசுங்க, அதுல தமிழ் ஏறாதாட்ட இருக்குதுங்க."

இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். செய்தவன் "தமிழுக்கு ஆள் இல்லை" என்கிறான். பயன்படுத்துகிறவன் "என் போன் சரியில்லை" என்கிறான். கோப்பு ஏறவில்லை என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை. இந்த ஏற்பாடே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மாணவனை வீட்டுக்கு வரச்சொல்லி, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

இந்த வேலைக்கு 'கெட்டெக்ஸ்ட்' என்று ஒரு கருவி இருக்கிறது. குனூ திட்டத்தார் 1995இல் வெளியிட்டது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மொழிபெயர்ப்பவர் கையில் தருவது 'பிஓ' என்ற கோப்பு. ஒரு வரியில் ஆங்கில வாசகம், அடுத்த வரியில் அதன் தமிழ். நம் கோனார் உரைபோல மேலே மூலம், கீழே பொருள். இதைக் கணினி வேகமாகத் தேடிப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றினால் 'எம்ஓ' கோப்பு. செயலி ஏற்றுவது இந்த இரண்டாவதைத்தான். தமிழுக்கான உலகக் குறியீடு 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்து. அந்தப் பெயருள்ள அடைவுக்குள் போய், உரிய இடத்தில் எம்ஓ கோப்பு இருக்கிறதா என்று செயலி பார்க்கும். இருந்தால் ஏற்றிக்கொள்ளும்.

இல்லாவிட்டால்? அங்கேதான் சங்கதி. ஆங்கில வாசகம்தான் சாவி. அந்தச் சாவிக்குத் தமிழ் கிடைக்காவிட்டால் சாவியையே திரையில் காட்டிவிடும். பிழை என்று ஒன்றும் வராது. கோப்பு முழுக்க இல்லாவிட்டாலும் அப்படித்தான், ஒரு வாசகம் மட்டும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஆங்கில மூலத்தில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தால்கூடச் சாவி மாறிவிடும். கீழே எழுதியிருக்கும் தமிழைச் சரிபார்த்துப் புதுப்பிக்கும் வரை அந்த இடத்தில் ஆங்கிலம்தான் வரும்.

என் மாணவன் எழுதியது பைத்தான் மொழியில். அதில் தமிழ்க் கோப்பு கிடைக்காவிட்டால் செயலி பிழை காட்டி நின்றுவிடும். "கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஆங்கிலத்திலேயே போ" என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் நிற்காது. அவன் அந்தச் சொல்லைச் சேர்த்திருந்தான். அதில் தப்பில்லை. கிருஷ்ணகிரி டோலில் நிற்கும் டிரைவருக்குத் தமிழ் வராவிட்டாலும் செயலியாவது திறக்க வேண்டுமே. ஆனால் தமிழ் ஏறவில்லை என்று செயலி வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. சேதம் அங்கேதான்.

சரி, ஏன் ஏறவில்லை? அவன் மடிக்கணினி விண்டோஸ். அங்கே அடைவுக்கு 'டிஏ' என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்திருந்தான். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காது. அங்கே தமிழ் அழகாக வந்தது. செயலியை வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சர்வரோ லினக்ஸ். அது பேதம் பார்க்கும். சின்ன எழுத்தில் தேடியது, கிடைக்கவில்லை, பேசாமல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லாத நம் மொழி, அந்த வேறுபாட்டால் மாதக்கணக்கில் வாசலிலேயே நின்றிருக்கிறது!

பெயரை மாற்றினான். தமிழ் ஏறியது. அதன் பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ஊர்ப்பெயரோடு 'க்கு' என்று ஒட்டிக்கொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. மதுரைக்கு, சங்ககிரிக்கு என்றால் சரியாக வரும். திரையில் வந்ததோ 'சேலம்க்கு', 'ஈரோடுக்கு', 'நாமக்கல்க்கு'! என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். சேலம் அத்துச் சாரியை பெற்றுச் சேலத்துக்கு ஆகும். ஈரோடு ஒற்று இரட்டி ஈரோட்டுக்கு ஆகும். நாமக்கல், நாமக்கல்லுக்கு ஆகும். இத்தனையையும் நிரலுக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, 'ஏற்றுமிடம்: சேலம். இறக்குமிடம்: ஈரோடு' என்று வாசகத்தை மாற்றுவது சுலபம். அப்படியே மாற்றினோம்.

ஒருமை பன்மைக்கும் இந்தக் கருவியில் தனித்தனி இடம் உண்டு. '1 லோடு', '3 லோடு' என்று இரண்டிலும் ஒன்றையே எழுதச் சொன்னேன். 'லோடுகள்' என்று எந்த லாரி ஆபீஸிலும் யாரும் சொல்வதில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நான் நடத்தியது பரீட்சைக்கு மட்டும் இல்லை, பார்த்தீர்களா?

ஏறாத தமிழை யாரும் படிப்பதில்லை. படிக்காத தமிழை யாரும் திருத்துவதில்லை. திருத்தாத தமிழ் ஒருநாள் ஏறினாலும், "கணினித் தமிழே இப்படித்தான்" என்று கேலிக்குத்தான் ஆளாகும்.

இது ஒரு லாரி ஆபீஸ் கதை மட்டும் இல்லை. லினக்ஸின் கேடிஇ, குனோம் திரைகளையும் பயர்பாக்ஸையும் தன்னார்வலர்கள் பல வருடமாகத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு', 'வரலாறு' என்று நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியது. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் அதைத் தமிழில் திறந்து பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். தமிழ் இருக்கிறது என்பதே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் கேட்காமலே வந்துவிடுகிறது. தமிழ் கேட்டால்தான் வருகிறது. சில நேரம் கேட்டாலும் வருவதில்லை.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு. தமிழ்க் கோப்பு ஏறாவிட்டால் செயலி நிற்க வேண்டாம், ஆனால் உங்களுக்காவது தகவல் வரட்டும். ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுவதற்கு முன் ஒரு வாசகத்தைத் தமிழில் கேட்டு, தமிழிலேயே பதில் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். உங்கள் மடிக்கணினியில் சோதித்தால் போதாது, சர்வரில் சோதியுங்கள். என் மாணவன் இப்போது இரண்டையும் செய்கிறான்.

இரண்டு, "தமிழை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், "அது ஏறுகிறதா என்று பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

மூன்று, உறவுகளுக்கு. மாமா, சித்தி, மாப்பிள்ளை எல்லோருக்கும்தான். போனில் தமிழ் வைத்தும் ஆங்கிலம் வந்தால், "எனக்குத் தெரியவில்லை", "என் போன் பழசு" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. திரையை அப்படியே படம் எடுத்து, செய்தவர்களுக்கு அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று தெரியாவிட்டால் எனக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

டிரைவர் மாணவனின் 3,400 ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் போன் பழசு இல்லை என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா