ஒரு தோள், இரண்டு பேரேடு

நியூஜெர்சியில் இருக்கும் என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பேஸ்பாலில் பந்து வீசுகிறவன். மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழவில்லை, அடிபடவில்லை, வீசி வீசியே வந்த தோள்வலி.

வளர்கிற பிள்ளைகளுக்கு மேல்கை எலும்பின் தலைப்பக்கம் ஒரு குருத்துப் பட்டை உண்டு. எலும்பு நீளுவது அதில்தான். தோளில் பலவீனமான இடமும் அதுவே. ஒவ்வொரு வீச்சுக்கும் முறுக்கி இழுபட்டு, ஓய்வு கிடைக்காமல் அகன்றுபோகிறது. இவனுக்கு எக்ஸ்ரேயில் நன்றாகவே தெரிந்ததாம்.

விதி இல்லாமல் இல்லை. சிறுவர் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக்கில் 2007 முதல் வீச்சுகளை எண்ணுகிறார்கள். 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு 85 வீச்சு. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. அதெல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆனால் பையன் வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய் ஆடும் இன்னொரு அணியிலும் இருந்தான். அவர்கள் கணக்கு தனி. முப்பது வருஷம் கருவூலத்தில் கணக்கு எழுதியவன் அல்லவா, "இரண்டு பேரேட்டையும் கூட்டிப் பார்த்தது யார்?" என்று மகனைக் கேட்டேன். பதில் இல்லை.

போனை வாங்கிய பேரனுக்கு வேறு கவலை. "அதுக்குள்ள என் இடத்தை வேற பையனுக்குக் குடுத்துடுவாங்களா தாத்தா?"