அம்மா விடச்சொன்ன இடம்

2009ஆம் ஆண்டு வன்னியில் இடம்பெயர்ந்து ஓடியபோது எங்கள் குடும்பப் படங்கள் இருந்த பெட்டியை மாத்தளனில் விட்டுவிட்டோம். அந்த ஆண்டிலேயே அப்பா எறிகணை வீச்சில் இறந்தார்; தம்பி காணாமற்போனான். மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த அப்பாவின் அடையாள அட்டை. மற்றது, வெளிநாட்டிலுள்ள சித்தி பின்னர் அனுப்பிய சாமத்திய வீட்டுப் படம். அதன் ஓரத்தில் பத்து வயதுத் தம்பி நிற்கிறான்.

சமூகவியல் படித்து, சமூகப் பணியாளராகப் பல வீடுகளில் பெண்களின் துயரைக் கேட்பவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் அப்பாவைப் பற்றிப் பேசியது குறைவு.

2023இல் கைத்தொலைபேசிச் செயலியொன்றில் படம் வரையப் பழகினேன். அடையாள அட்டையைப் படமெடுத்துப் பெரிதாக்கி, அதைப் பார்த்து அப்பாவை வரைந்தேன். அம்மா அருகில் வந்து இருந்தார்.

"காது இவ்வளவு பெரிசில்லைப் பிள்ளை. நெத்தியில தழும்பொண்டு இருந்தது, நாம்பன் இடிச்சது."

அந்த நாம்பனின் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பாவின் திவசத்துக்கு வைக்கலாமென்று, அவருக்குப் பக்கத்தில் தம்பியையும் வரைந்தேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அவனை அங்க வைக்காதை. அவன் வருவான்."

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கியபோது, பிள்ளைகளின் படங்களை ஏந்தியிருந்தது அஞ்சலிக்காக அல்ல, அவர்கள் எங்கே என்று கேட்பதற்காக. இதை அறிந்திருந்தும் என் தாயிடம் கேட்காமல் வரைந்துவிட்டேன்.

அந்தச் செயலியில் ஒவ்வொருவரையும் தனித்தனித் தாளில் வரைவதுபோல அடுக்கடுக்காக வரையலாம். தம்பி இருந்த அடுக்கை மட்டும் எடுத்தேன். அப்பா அப்படியே இருந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் வேறொரு படமாக வரைந்தேன். தன் பக்கத்தில் இடம் விடச்சொன்னார் அம்மா.

"இன்னும் மேல விடு. இப்ப அவன் என்னைவிட உயர்ந்திருப்பான்."

சகோதரிகளே, உங்களிடமும் ஒரு பழைய படம் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் அதைப் படமெடுங்கள். பிரதியொன்றைப் பத்திரப்படுத்திவிட்டு மற்றதில் வரையுங்கள். முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயலிகள் இல்லாத சாயலையும் சேர்த்துவிடும். ஆகவே மூலப்படத்தைக் கைவிடாதீர்கள். படமே இல்லையென்றால் வீட்டை வரையுங்கள். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் யாருக்கும் மாலை போடுமுன், வீட்டிலுள்ளவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.