பொய்யான ஆபத்தும் மெய்யான பொறுப்பும்



என் முன்னாள் மாணவர் ஒருவர் விமானியாகப் பயிற்சி பெற்று வருகிறார். பயிற்சியில் எது கடினம் என்று வினவினேன். "பறக்கும்போதே பயிற்றுநர் திடீரென வலுவைக் குறைத்து, 'இயந்திரம் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?' என்பார், ஐயா" என்றார்.

மாணவர் உடனே உரிய சறுக்கு வேகத்தைப் பேண வேண்டும். இறங்கத்தக்க வெளியைத் தேட வேண்டும். பயிற்றுநர் பேசாமல் பார்த்திருப்பார். ஆயினும், குறித்த உயரத்திற்குக் கீழே போகவிடமாட்டார். "கட்டுப்பாடு என்னிடம்" என்று அவர் கூறினால், மாணவர் "கட்டுப்பாடு உங்களிடம்" என மறுமொழி சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். யார் ஓட்டுகிறார் என்பதில் நொடிப்பொழுதும் ஐயம் கூடாது.

இத்தனை ஒழுங்கு எதற்கு? 2010 மார்ச் 22-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் எம்பிரேயர் பிரேசிலியா வகை இரட்டை இயந்திர விமானம் ஒன்று பயணிகளின்றிப் பயிற்சிக்காகப் புறப்பட்டது. மேலெழுந்தவுடனேயே, பொறுப்பு விமானி இடது இயந்திரம் பழுதானது போன்ற நிலையை உண்டாக்கினார். உரிய அளவுக்கும் கீழாக வலு குறைக்கப்பட்டதால், காற்றில் சுழன்ற விசிறியே விமானத்தை இழுத்துப் பிடித்தது. வேகம் தளர்ந்தது, விமானம் சாய்ந்தது. இடது இயந்திரத்திற்கு மீண்டும் வலுவூட்டிப் பயிற்சியைக் கைவிட்டிருக்கலாம். அது நடக்கவில்லை. ஆராய்ந்து முடிவெடுக்கச் சில நொடிகள் போதவில்லை. விமானிகள் இருவரும் மாண்டனர்.

பழுது பாவனைதான், இழப்போ மெய்யானது. எந்த உயரத்தில், எந்த வேகத்தில் பயிற்சியை நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே, தரையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதே இதில் நான் கண்ட பாடம். ஆபத்து மிகுந்த பயிற்சிகளைத் தரையிலுள்ள பாவனைக் கருவியில் நடத்துவது அதனினும் நன்று.

நம் பள்ளிகளில் நடக்கும் தீ ஒத்திகையும் இத்தகையதே. தீ பொய், ஆனால், படிக்கட்டில் முண்டியடிக்கும் பிள்ளைகளின் நெரிசல் பொய்யன்று. மணி ஒலிக்கும் முன்பே, எந்தப் படிக்கட்டில் எந்த ஆசிரியர் நிற்பார், யார் சொன்னால் ஒத்திகை நிற்கும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பெற்றோரும் இதைப் பள்ளியிடம் தயங்காமல் கேட்கலாம்.

பிள்ளைகளைத் தடுமாறவிட்டுக் கற்பிப்பது தேவைதான். எதுவரை விடுவது என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே வகுத்துக்கொள்வோம்.