கட்டுவதும் கடுகுவதும்

சொல்லை முற்றும் அறிந்தோம் என்னும் செருக்கு ஆசிரியத் தொழில் செய்வோரை எளிதிற் பற்றும் நோய். பல்லாண்டுகளாக ஆங்கிலம் படிப்பித்து வரும் நமக்கும் அந்நோய் இருந்தது. அதனைத் தீர்த்து வைத்தவன் நம்முடைய மாணவன் ஒருவனே.

திருகோணமலையில் ஐப்பசி மாதம். கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். வகுப்பிற் கடற்கதை ஒன்று நடந்து கொண்டிருந்தது. மாலுமி படகை ‘மேட் ஃபாஸ்ட்’ என்றொரு வாக்கியம் வந்தது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில், “மாலுமி படகை வேகமாகச் செலுத்தினான்” என்று பொருள் கூறிவிட்டோம். பின்வாங்கில் ஒரு மாணவன் எழுந்தான். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் அவன்.

“சேர், அது படகைக் கட்டுறது. அப்பா அப்பிடித்தான் சொல்லுவார்.”

வகுப்புச் சிரித்தது. “தம்பி, துறைமுக இங்கிலீஷ் வேறு, புத்தக இங்கிலீஷ் வேறு. இரும்” என்றோம். அவன் இருந்தான். பாடம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

மாலையில் உட்துறைமுகப் பக்கமாக நடந்தோம். வாடைக்காற்றுத் தொடங்கியிருந்தது. இறங்குதுறையில் ஒரு படகு வந்து அணைந்தது. அதிலிருந்தவர் வடத்தை எறிந்து, “மேக் ஃபாஸ்ட்!” என்று கூவினார். கரையில் நின்றவர் அதனைப் பற்றி, இரட்டை இரும்புத் தூணில் எட்டுப்போலச் சுற்றி இறுக்கினார். அலையில் அலைந்த படகு அடங்கி நின்றது. பிரித்தானியக் கடற்படை 1957 ஆம் ஆண்டு இத்தளத்தை விட்டு நீங்கிற்று. அதன் சொல் தலைமுறை கடந்தும் இங்கே தங்கிவிட்டது போலும். நமக்கு நாணம் உண்டாயிற்று.

வீடு திரும்பி அகராதியை விரித்தோம். ‘ஃபாஸ்ட்’ என்பதன் முதற்பொருள் உறுதி, அசையாமை என்பதே. சாயம் போகாத துணியின் நிறம் ‘ஃபாஸ்ட்’. எழுப்பினாலும் எழாத உறக்கம் ‘ஃபாஸ்ட்’. உண்ணாமலிருக்கும் நோன்பும் அவ்வேரிலிருந்து வந்ததே. மனத்தை ஒரு கட்டிலே உறுதியாக நிறுத்துவது அது. அந்நோன்பை முறிப்பதனாலேயே காலையுணவு ‘பிரேக்ஃபாஸ்ட்’ ஆயிற்று. விரதமிருந்த நாமே அச்சொல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு வகுப்பிலே தவறவிட்டோம்!

அசையாமையைக் குறித்த சொல் விரைவைக் குறித்தது எங்ஙனம்? உறுதியாக ஓடுதல் என்பது முழு வலிமையோடு ஓடுதல். அப்படி ஓடுபவன் விரைந்து ஓடுவான். இவ்வழியே வேகம் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

இதை விந்தையென்று எண்ணும் அன்பர்கள் தமிழை நோக்குக. இறுக்கிப் பூட்டி வைப்பது கடுங்காவல். உடலை ஒறுத்து இருப்பது கடுந்தவம். ஆயினும் விரைந்தோடும் குதிரை கடும்பரி. விரைந்து செல்வதைக் கடுகுதல் என்கிறோம். ஈழத்தில் எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் கடுகதி என்றே பெயர். இறுக்கமும் விரைவும் நம் மொழியிலும் ஒரே ‘கடு’வில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

மறுநாள் வகுப்பிற் புகுந்ததும் அம்மாணவனை முன்னே அழைத்தோம். “தம்பி, நேற்று நீர் சொன்னதே சரி. பிழை எம்முடையது. உம்முடைய தகப்பனாரிடமும் சொல்லும்” என்றோம். இம்முறை வகுப்பிலே சிரிப்பு எழவில்லை. அவன் சற்றுத் தயங்கினான். பின்னர் ஒரு கயிறு கேட்டு வாங்கி, மேசைக் காலில் எவ்வாறு கட்டுவதென்று எல்லோருக்கும் செய்து காட்டினான். தலை நிமிர்ந்திருந்தது.

மாணவர்களே, ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். அச்சொல்லைக் கையாற் பழகுவோர் அருகிலிருந்தால் அவரையும் கேளுங்கள். பொருள் கூற விரைவதிலும், பொருளை உறுதி செய்து நிற்பதே கல்விக்கு அழகு.