மடலுக்கு ஒரு தாழ்ப்பாள்

என் தந்தையார் உபதேசியாராகப் பணியாற்றிய ஊரில், தபால்காரர் வரும் நேரத்துக்குக் கோயில் திண்ணையில் நாலைந்து பெண்கள் முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். கணவனோ மகனோ நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பான். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா ஒருத்தியின் கடிதத்தைப் பிரிக்கும் முன்னர் மற்றவர்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். பிறகு தாழ்ந்த குரலில் படிப்பார். பதில் எழுதுவதும் அவரே. எழுதி முடித்து, சோற்றுப் பருக்கையை நசுக்கி, உறையின் வாயை ஒட்டி, நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்ப்பார். அன்றிரவு அம்மா எவ்வளவு துருவிக் கேட்டாலும் "எல்லாரும் சுகமாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

பல்லாண்டுகள் கழித்து, பங்கு அலுவலகத்துக் கணினியின் முன் அமர்ந்திருந்தபோது அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது. சற்றுத் தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம்.

எங்களுடையது வெண்ணாற்றங்கரையில் நெல்வயல்களுக்கு நடுவே உள்ள சிறிய பங்கு. பிழைப்பைத் தேடிக் குவைத்துக்கும் துபாய்க்கும் சென்றவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், திருமணத்துக்கான தடையில்லாக் கடிதம் வேண்டும் என்று அவர்கள் மின்னஞ்சலில்தான் கேட்கிறார்கள். இத்தனை காலமும் அவை அந்தந்தப் பங்குத்தந்தையரின் கைபேசிக்கு வந்தன. அவர் மாற்றலாகிச் செல்கையில் மடல்களும் அவருடனேயே சென்றன. பங்குக்கென ஒரு முகவரி வைத்து, அலுவலகக் கணினியிலேயே அஞ்சல் மென்பொருள் ஒன்றை நிறுவிவிடுவோம் என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஆசிரியனுக்குத் தெரியாததும் உண்டு என்பதை ஊர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

தண்டர்பேர்ட் என்னும் மென்பொருளைத் தேர்ந்தேன். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முதற்பதிப்பு வந்தது; இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. இணைய இணைப்பு அறுந்துகிடக்கும் நாளிலும் வந்த மடல்களைத் திறந்து படிக்கலாம் என்பது எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வழியாக. அக்கால மின்னஞ்சல் ஏறக்குறைய அஞ்சலட்டையைப் போன்றது. கணினி, அஞ்சல் வழங்கியிடம் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் வெளிப்படையாகச் சொல்லும். இடைவழியில் காது வைத்திருப்பவன் எவனும் கேட்டுக்கொள்ளலாம். இப்போது அந்த உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் முறை நிலைபெற்றுவிட்டது. டி.எல்.எஸ். என்று அதற்குப் பெயர். பழக்கத்தால் பலரும் எஸ்.எஸ்.எல். என்றே சொல்கிறார்கள். மறைப்பின்றி அஞ்சல் எடுப்பது இனி வழக்கொழிய வேண்டும் என்று 2018 ஜனவரியில் இணையத் தொழில்நுட்பக் குழுவினர் எழுதியே வைத்துவிட்டார்கள்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எண்கள் மிரட்டும். டெல்டாக்காரனுக்கு அதில் அச்சம் தேவையில்லை. நம் வாய்க்கால்களில் ஒவ்வொரு மதகுக்கும் ஓர் எண் உண்டு. எந்த மதகை எவ்வளவு தூக்குவது என்று லஸ்கருக்குத் தெரியும். அதுபோலவே வழங்கியிலும் எண்ணிட்ட வாயில்கள். மடல்களை வழங்கியிலேயே இருத்தி இங்கிருந்து பார்க்கும் ஐமேப் முறைக்குப் பூட்டிய வாயில் 993, மடல்களை இங்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறைக்கு 995, அனுப்புவதற்கு 465. அனுப்பும் வேலைக்கு 587 என்று மற்றொன்றும் உண்டு. அது திறந்த பேச்சாகத் தொடங்கி, உடனே பூட்டிக்கொள்ளும். ஐமேப் முறையையே எடுத்தேன். இந்தக் கணினி பழுதானாலும் மடல்கள் வழங்கியில் இருக்குமல்லவா! ஜிமெயில் வைத்திருப்போருக்கு ஒரு வேறுபாடு: அங்கே மென்பொருள் கூகுளின் சொந்தப் பக்கத்தைத் திறந்துகாட்டும், கடவுச்சொல்லை அங்குதான் கொடுக்க வேண்டும். எங்கள் முகவரியோ ஒரு சிறு நிறுவனத்தின் வழங்கியில் இருந்தது.

எல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் ஓர் எச்சரிக்கை வந்தது. வழங்கி காட்டும் அடையாளச் சான்றிதழ் செல்லாது. ஆயினும் விலக்கு அளிக்கிறீர்களா என்று கேட்டது. இரண்டு நாளாகத் தட்டிக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை போயிருந்தது. விலக்கு அளித்தேன். மடல்கள் மளமளவென்று வந்திறங்கின. சாமியை அழைத்துக் காட்டினேன். "வாத்தியாரே, கெட்டிக்காரர்தான்" என்றார். அந்தச் சொல்லின் இனிப்பில் எச்சரிக்கையை மறந்தேபோனேன்.

மூன்றாம் நாள், பள்ளியில் கணினிப் பாடம் நடத்தும் கன்னியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "சார், இன்றைக்கு என்ன தேதி?" என்றார். சொன்னேன். "கணினி 2011 என்கிறதே!" என்றார். பெட்டிக்குள் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் காலத்தைக் காத்துக்கொள்வது அதுதான். அது செத்துப்போயிருந்தது. 2011இல் இருப்பதாக எண்ணிக்கொண்ட கணினிக்கு, அண்மையில் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே செல்லாது என்றது. பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, நான் கொடுத்த விலக்கை நீக்கியபின் எச்சரிக்கை எழவில்லை.

"நல்ல வேளை, வழங்கி மெய்யானதாக இருந்தது. பொய்யன் ஒருவன் அங்கே நின்றிருந்தாலும் நீங்கள் உள்ளே விட்டிருப்பீர்கள் சார்" என்றார் அவர். எனக்குத் தூய பவுலின் நினைவு வந்தது. தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், தம் பெயரால் வரும் பொய்ம்மடலைக் கண்டு கலங்க வேண்டாம் என்று அவர் எச்சரிக்கிறார். முடிவில் தம் கையாலேயே வாழ்த்து எழுதி, அதுவே தம் மடலின் அடையாளம் என்கிறார். அனுப்பியவர் மெய்யாகவே அவர்தாமா என்னும் கேள்விக்கு வயது இரண்டாயிரத்தை நெருங்குகிறது.

கன்னியர் மற்றொன்றும் சொன்னார். மென்பொருளில் சேமித்த கடவுச்சொற்களைக் கணினியில் அமரும் எவரும் அமைப்புப் பக்கத்தில் திறந்து பார்க்க முடியும். முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்து அவற்றைப் பூட்ட வேண்டும். தலையசைத்தேன்; செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் சாமி அதைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்குமே, அவருக்கு எதற்குத் தொல்லை என்று தள்ளிவைத்தேன்.

பங்குத் திருவிழா நெருங்கியது. அழைப்பிதழ் அச்செடுக்க இளைஞர்கள் அந்தக் கணினிக்கு வந்து போனார்கள். அஞ்சல் சாளரம் திறந்தே கிடந்தது. வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, தன் குடும்ப வாழ்வில் நேர்ந்த ஒரு துயரத்தைப் பங்குத்தந்தைக்கு எழுதியிருந்தாள். என்ன துயரம் என்பதை இங்கும் எழுத மாட்டேன். ஒரு பையன் அதைப் படித்தான். மாலைக்குள் குளத்தங்கரைப் பேச்சாயிற்று.

மறுநாள் காலை அவளுடைய தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அது சாமிக்கு எழுதுன கடுதாசிங்க, வாத்தியாரய்யா" என்றாள். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காராமலே போய்விட்டாள்.

அந்தப் பையனைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன தகுதி? 993 என்ற எண்ணைச் சரியாகப் போட்டிருந்தேன். குவைத்துக்கும் எங்கள் ஊருக்கும் இடையே எங்கோ ஒளிந்திருக்கும் திருடனுக்காக அத்தனை கதவுகளையும் சாத்திவிட்டு, திண்ணைப் பக்கத்தைத் திறந்துபோட்டிருந்தேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535ஆம் சட்டம், பங்கின் பதிவேடுகளும் ஆவணங்களும் அயலார் கைக்குப் போகாதபடி பங்குத்தந்தை காக்க வேண்டும் என்கிறது. 220ஆம் சட்டம், ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் ஊறு செய்ய எவருக்கும் உரிமையில்லை என்கிறது. அலமாரிக்குள் இருக்கும் திருமுழுக்கு ஏட்டுக்கு எங்களிடம் இரும்புப் பூட்டு இருக்கிறது. அதன் சாவி இருக்கும் இடம் பேரவை உறுப்பினருக்குக்கூடத் தெரியாது.

அன்றே கன்னியரை வரவழைத்தேன். முதன்மைக் கடவுச்சொல் வைத்தோம். அச்சு வேலைக்கு வருபவர்களுக்குக் கணினியில் தனிக் கணக்கு. பங்கு அலுவல் வேறொரு கணக்கில். ஐந்து நிமிடம் எவரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். முதன்மைக் கடவுச்சொல் மடல்களையும் மறைத்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் மறுத்தார்: அது கடவுச்சொற்களை மட்டுமே காக்கும், மடல்கள் வன்தட்டில் ஒரு கோப்பாகத் திறந்தே கிடக்கும் என்றார். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்துகாட்டினார். தமிழ் மடல்கள் யாவும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. "பூட்டித்தானே இருக்கிறது?" என்று மகிழ்ந்தேன். "இல்லை சார், இது பயணத்துக்காகக் கட்டிய மூட்டை. தமிழெழுத்து வழியில் சிதையாமலிருக்க இப்படி மாற்றி அனுப்புகிறார்கள். நொடியில் அவிழ்த்துவிடலாம்" என்றார். ஆகவே வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கினோம். அதற்கு ஒரு பிற்பகல் பிடித்தது. இவ்வளவு செய்தும் வழங்கியை நடத்துவோர் மடலைப் பார்க்க இயலும். அனுப்புவோரும் பெறுவோரும் தமக்குள் சாவிகளை மாற்றிக்கொண்டால்தான் அதையும் தடுக்கலாம். அதற்கான ஓபன்பிஜிபி வசதி 2020 முதல் தண்டர்பேர்டிலேயே உள்ளது. வளைகுடாவில் கைபேசி மட்டும் வைத்திருக்கும் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் கேட்கவில்லை.

சாமி அவளிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். "சரிங்க" என்று வைத்துவிட்டாள். அதன்பின் அவளிடமிருந்து மடல் வரவில்லை. தைப் பொங்கல் கழிந்தது, தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று கோயிலில் அவள் தாயின் பின்னால் நின்றுதான் நானும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் காலையில் அலுவலகத்தைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டினேன். நான்கு மடல்கள் வந்திருந்தன. மூன்று, சான்றிதழ் கேட்பவை. நான்காவதில் அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். திரையைப் பூட்டிவிட்டு, தென்னந்தோப்பில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சாமியை அழைக்கப் போனேன்.